ஆனைப்பாலம் தெருவின் பதினாலாம் மாசம்

பிரமசக்தியின் வயிற்றுக்குப் பதினாலாம் மாசம் தொடங்கிய அன்றைக்கு ஆனைப்பாலம் தெருவில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பால்காரர் எப்போதும்போல அந்த வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டு, "இன்னைக்காவது உண்டுமா மைனி?" என்று கேட்டார், அவளும் எப்போதும்போல வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி, "உள்ள இருக்கவுகளுக்கு மனசு வரணும்லா" என்றாள், ரேஷன் கடைக்காரர், பிறக்காத பிள்ளைக்குக் கார்டில் பெயர் சேர்க்கலாமா கூடாதா என்று மேலிடத்துக்கு எழுதிய மூன்றாவது கடிதத்தையும் தபாலில் போட்டுவிட்டு வந்தார், அவள் புருஷன் மாசானம் ஏணியில் நின்றுகொண்டு வீட்டு முகப்பில் நானூறு பல்பு சீரியல் செட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அவன் கட்டிய பதினோராவது செட் அது.

மாசானத்துக்கு வெளிச்சம் என்றால் உயிர். மாணிக்கநேரியில் கல்யாண வீடோ காதுகுத்தோ கோயில் கொடையோ, எங்கே வளைவு கட்டி மயிலும் யானையும் பல்பில் ஓடினாலும் அது 'மாசானம் லைட்டிங்ஸ்' கைவேலைதான். விசேஷ வீட்டில் ஒரு மூலை இருண்டு கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மாதிரி மனசு அரித்துக்கொண்டே இருக்கும். அப்பேர்ப்பட்டவன் கையில்தான், ஊர் மாநகராட்சி ஆன வருஷம், ஆனைப்பாலம் தெருவின் நாலு மூலைக்கும் நாலு ஹைமாஸ் கம்பம் நட்டுத் தருகிற வேலை வந்து விழுந்தது. பனைமரத்தைவிட உயரம், கம்பத்துக்கு இருபத்து நாலு விளக்கு, அத்தனையும் வெள்ளை. விளக்குக்குள்ளேயே பேட்டரி இருக்கும், பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் கக்கும், ஊரே கரண்டு போனாலும் அதுக்குப் போகாது. நாலு கம்பத்தையும் வயரில்லாமலே ஆட்டிவைப்பது ஒரே ஒரு சின்னக் குமிழ். மாசானத்தின் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தின் உச்சியில் இருந்தது. வயர்மேன்கள் அதைக் 'கண்ணு' என்பார்கள். பொழுது சாய்ந்ததைக் கண் பார்த்தால் விளக்கு எரியும், சூரியனைப் பார்த்தால் அமர்ந்துவிடும்.

வார்டு கவுன்சிலர் தங்கப்பழம் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த அந்தப் பங்குனி மாசத்துச் சாயங்காலத்திலிருந்து ஆனைப்பாலம் தெருவுக்கு ராத்திரி வரவில்லை. தெருக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஜவுளிக்கடை வேலை முடிந்து பிந்தி வருகிற பெண்பிள்ளைகள் பயமில்லாமல் கதை பேசிக்கொண்டு நடந்தார்கள், தையல்காரர் மெஷினைத் தூக்கி ரோட்டிலேயே போட்டுக்கொண்டார், பையன்கள் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் கிரிக்கெட் ஆடினார்கள், சாக்கடைக்குள் விழுந்த ஊசியைக்கூட எடுத்துவிடலாம் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். சேவல் ஒரு மணிக்கு ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும் கூவித் தொண்டை கட்டிப்போனது, பல்லியெல்லாம் தின்று கொழுத்துச் சுவரில் நிற்கமாட்டாமல் தொப்பு தொப்பென்று விழுந்தது, மாசானத்தின் வீட்டுப் பந்தலில் இருந்த மல்லிகை மொட்டு வைத்தது வைத்தபடி பூக்காமல் நின்றது. வெளிச்சம் ஓட்டு இடுக்கு வழியாகவும் சன்னல் விரிசல் வழியாகவும் வந்து படுக்கையில் கூடவே படுத்தது. சனங்கள் கண்ணில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினார்கள். மனுஷன் எதுக்குத்தான் பழகமாட்டான். பிரமசக்திக்கு அப்போது இரண்டு மாசம்.

ஒன்பதாம் மாசம் வளைகாப்பு நடத்தித் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். கூட்டிப்போனார்கள் என்றால் என்ன, அவளும் மாசானமும் அத்தை பிள்ளை மாமன் பிள்ளை, வீடு எதிரும் புதிரும், பதினாலு எட்டு வைத்து ரோட்டைத் தாண்டினாள், அவ்வளவுதான். பத்தாம் மாசம் முடிந்தது. பதினோராம் மாசமும் முடிந்ததும், "இங்க இருந்தா மட்டும் பிறந்துறவா போகுது" என்று பதினாலு எட்டு வைத்துத் திரும்பி வந்துவிட்டாள். அவள் மட்டுமில்லை. தெருவில் பிள்ளைத்தாய்ச்சிகள் மூன்று பேர், பிரமசக்தி, வளையல்காரர் மகள் கிரேஸ், பிரியாணிக் கடை சல்மா, மூன்று பேருக்கும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நகர்நல மையத்து நர்ஸ் லூர்தம்மாள், எல்லாருக்கும் அவர் லூர்து சிஸ்டர், வாராவாரம் வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பிள்ளை நல்லாருக்கு, துடிப்பு நல்லாருக்கு, வெளிய வரத்தான் மாட்டேங்கு" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

முதலில் சனங்கள் பயந்தார்கள், பிறகு பேசினார்கள், பிறகு அதை ஊர் வழக்கமாக்கிக்கொண்டார்கள். வளையல் உடைந்துவிட்டதே என்று இரண்டாவது வளைகாப்பு நடத்தினார்கள், அதுவும் உடைந்ததும் மூன்றாவது. மூன்றாவதற்குச் சாப்பாடு சுமார்தான் என்று ஒரு பேச்சு. 'மூணு வீட்டுத் தெரு எது?' என்று வெளியூர்க்காரர்கள் கேட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் மூன்று பிள்ளைகளுக்கும் அங்கன்வாடியில் இடம் பிடித்துவைத்தார். இதற்கு நடுவில் சல்மா, உப்பளத்துப் பக்கம் அவள் அக்கா வீட்டுத் துக்கத்துக்குப் போனவள், பஸ்ஸை விட்டு இறங்கி, விளக்கே இல்லாத வண்டிப்பாதையில் நூறடி நடக்கும் முன்னே பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டாள் என்று செய்தி வந்தது. தெரு கூடி யோசித்தது. பஸ் குலுக்கின குலுக்கில்தான் பிள்ளை இறங்கியிருக்கிறது என்று ஏகமனதாக முடிவாகி, பிரமசக்தியையும் கிரேஸையும் ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்காரவைத்து, அத்தனை லைட்டும் போட்டுக்கொண்டு ஊரை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள். இருவருக்கும் இடுப்பு வலித்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் நேர்த்திக்கடன் யோசனை வந்தது. இசக்கியம்மன் கோயில் வாசலில் நின்று தெரு மொத்தமும் நேர்ந்துகொண்டது: பிள்ளை நல்லபடியாகப் பிறக்கிற வரைக்கும் வீட்டுக்கு நூற்றெட்டு விளக்கு, தினமும், அமராமல். கிரேஸ் வீட்டுச் சர்ச்சுக்காரர்கள் மெழுகுவத்தி ஏற்றினார்கள், சல்மா வீட்டார் தங்கள் பங்குக்கு எலெக்ட்ரிக் சரம் போட்டார்கள். நூற்றெட்டு போதவில்லை என்று ஆயிரத்தெட்டு ஆக்கினார்கள். மாவிளக்கு, எலுமிச்சை விளக்கு, தேங்காய் விளக்கு, மாடியில், படியில், மதில்மேல், சைக்கிள் கேரியரில். ஹைமாஸ் மேலிருந்து கொட்டியது, விளக்குகள் கீழிருந்து பொங்கின. தெருவில் ஒரு மனுஷனுக்கும் நிழல் என்று ஒன்று பேருக்குக்கூட இல்லை. மாசானம் விடுவானா? வாசலில் இருபதடி வளைவு கட்டி 'வருக வருக' என்று எல்.ஈ.டி.யில் ஓடவிட்டான். அது போதாதென்று, குட்டியாக இன்னொன்று செய்து பிரமசக்தியின் கட்டிலுக்கு மேலே மாட்டினான், அதில் ஒரு அம்புக்குறி ஓடி ஓடி வந்து அவள் வயிற்றைக் காட்டும். பிள்ளைக்குப் பாதை தெரியட்டும் என்று.

"அத்தான், நீங்க பல்பப் போட்டதும் உள்ள முதுகைக் காட்டித் திரும்பிக்கிடுது" என்றாள் பிரமசக்தி.

"அப்பன்மேல கோவமா இருக்கும்ட்டி. வெள்ளை பிடிக்கலையோ என்னமோ. நாளைக்குப் பச்சை போட்டுப் பாப்போம்."

பச்சை போட்டான். பிள்ளை ஒரு விரற்கடை மேலே ஏறியது. நீலம் போட்டான், இன்னொரு விரற்கடை. தெருவில் விளக்கு கூடக் கூட அவள் வயிறு கீழே தொங்குவதை விட்டுவிட்டு மேலே மேலே போய், பதினாலாம் மாசம் தொடங்கியபோது விலா எலும்பை முட்டி, நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றது. அவளால் படுக்க முடியவில்லை, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. மாசானம் பதினோராவது செட்டைக் கட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்குகிறபோது அவள் நிலைப்படியில் நீலம் பாரித்துச் சரிந்து கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா பார்த்தவுடனேயே ஆப்பரேஷன் என்றுவிட்டார். லூர்து சிஸ்டரும் கூட நின்றார். மேஜைக்கு மேலே இருந்த பெரிய வட்ட விளக்கைப் போட்டார்கள். போட்டதுமே பிரமசக்தியின் வயிறு, ஊதின பை காற்றுப் போனதுபோலச் சப்பென்று உள்ளே போய்விட்டது. துடிப்பு இல்லை. தடவிப் பார்த்தால் பிள்ளை இருக்கிற இடமே தெரியவில்லை, அவளுக்கு மூச்சு முட்டிக் கண் செருகியது. பதறிப்போய் விளக்கை அமர்த்தினார்கள். மெதுவாக வயிறு மேலே வந்தது, துடிப்பு வந்தது, அவளும் ஒரு மூச்சை இழுத்துவிட்டாள். மறுபடி போட்டார்கள், மறுபடி போனது. முப்பது வருஷ சர்வீஸ் உள்ள டாக்டரம்மா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, இருட்டாக்கின அறையில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

அந்தப் படத்தை மாசானத்துக்கும் காட்டினார்கள். பிள்ளை முழங்காலை நெஞ்சோடு ஒட்டி, தாயின் இருதயத்துக்கு அடியில் போய் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. இரண்டு உள்ளங்கையையும் கண்ணில் வைத்து அழுத்தி மூடியிருந்தது. அழுத்தின அழுத்தில் விரல் எல்லாம் வளைந்திருந்தது.

மாசானம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பச்சை போட்டேனே, நீலம் போட்டேனே, அம்புக்குறி விட்டேனே என்று ஒவ்வொன்றாக மண்டைக்குள் ஓடியது, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளை கண்ணை இன்னும் இறுக்கி மூடியிருக்கும் என்று நினைக்க நினைக்க அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். டாக்டரம்மா கேஸ் ஷீட்டில், 'தாய்க்குத் தாங்கும் நேரம்: இன்று ராத்திரி மட்டும். குழந்தைக்கு வெளியே வர இஷ்டமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்த அறையைச் சாத்தி இருட்டாக்கிட்டமே சிஸ்டர், இங்கேயே பிறக்காதா?" என்று மாசானம் கேட்டான்.

"நானும் அதான் நினைச்சேன். அரை மணி நேரம் கையை வயித்துல வச்சிக்கிட்டு இருந்தேன், ஒரு இம்மி நகரல. அது அறை இருட்டுக்கு ஏமாறாது தம்பி. அதுக்கு ராத்திரி வேணும். சல்மாவுக்கு உப்பளத்துல கிடைச்சுதுல்லா, அது."

"அப்ப வண்டியை எடுங்க, அங்கேயே கொண்டு போயிருவோம்."

"ஊர் முழுக்க விளக்கு, பைபாஸ் முழுக்க விளக்கு. ரெண்டு மணி நேரப் பயணம், பாதியிலேயே பொழுது சாஞ்சிரும். நெஞ்சுக்குள்ள போயிரும், உம்ம பொண்டாட்டி உயிரோட போய்ச் சேரமாட்டா." சிஸ்டர் அவன் தோளில் கையை வைத்தார். "அவளைத் தெருவுக்குக் கொண்டு வாரும். ராத்திரியைத் தெருவுக்குக் கொண்டு வாரும்."

கவுன்சிலர் தங்கப்பழம் நல்ல மனுஷர்தான். விஷயத்தைக் கேட்டதும் சட்டைகூட மாட்டாமல் ஓடி வந்தார். ஆனால் ஹைமாஸை அமர்த்த வேண்டும் என்றதும் கையை விரித்துவிட்டார்.

"அதுக்கு ஏதுவே சுவிட்சு? எரியுறதுக்குத்தான டெண்டர் விட்டோம். அமர்த்தணும்னு ஒருத்தரும் மனுக் குடுக்கலையே. நட்டவன் நீதான, உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவனுக்குத்தான் தெரியும். வெட்டுவதற்கு வயர் கிடையாது, உடைப்பதற்குத் தொண்ணூற்றாறு விளக்கு, பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. மாசானம் எதிர்க் கம்பத்தை அண்ணாந்து பார்த்தான்.

"கண்ணுக்குப் பகலைக் காட்டணும் அண்ணாச்சி" என்றான். "உச்சியில ஏறி, கண்ணுக்கு நேரா ஒரு ஃபோகஸ் லைட்டைப் பிடிச்சிட்டோம்னா, இன்னும் பொழுது சாயலன்னு நினைச்சிக்கிடும். நாலு கம்பமும் எரியாது."

"அப்ப அந்த ஃபோகஸ் லைட்டு தெருவெல்லாம் அடிக்குமேவே?"

"அடிக்காது. லைட்டோட சேத்து நானும் கம்பளிக்குள்ள உக்காந்துக்கிடுவேன்."

"லைட்டைக் கட்டி, கம்பளியைச் சுத்திட்டு இறங்கிரலாம்லா?"

"சூட்டுக்குப் பத்திக்கிடும். துணியை நகத்திக்கிட்டே இருக்கணும். ஆள் இருக்கணும் அண்ணாச்சி."

அது ஒரு பக்கம். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஆயிரத்தெட்டு விளக்கு எரிகிறதே, அதை என்ன செய்ய? லூர்து சிஸ்டர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார், ஒருத்தரும் அசையவில்லை. சீரியல் செட்டைப் பிடுங்கினார்கள், டி.வி.யை நிறுத்தினார்கள், செல்போனை அரிசிப் பானைக்குள் போட்டார்கள். ஆனால் நேர்ந்த விளக்கை? பிள்ளை பிறக்கட்டும் என்று ஏற்றின விளக்கைப் பிறப்பதற்கு முந்தியே கையால் அமர்த்துகிறதா? சொன்ன வாயைக் கழுவச் சொன்னார்கள். அந்தத் தெருவில் சாதாரண விளக்கையே யாரும் ஊதமாட்டார்கள், 'அணை' என்ற வார்த்தையைக்கூடச் சொல்லமாட்டார்கள், பூவால் தொட்டுக் குளிர வைப்பார்கள். நேர்ந்த விளக்கு என்றால் அதுவும் கிடையாது. அவரவர் விளக்கு முன்னால் அவரவர் மலைத்துப்போய் நின்றார்கள். பாவம், கெட்டது நினைத்த ஆள் ஒருத்தர்கூட அதில் இல்லை.

பிரமசக்தியை அப்போதுதான் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். வந்தவள் உள்ளே போகவில்லை. தெருவை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, விரியாமல் நின்ற மல்லிகை மொட்டில் ஒரு கை பறித்துக்கொண்டு, அவள் வாசலில் அவள் அம்மா ஏற்றி வைத்திருந்த விளக்குக்கு முன்னால் குனிந்தாள். குனிய முடியவில்லை, உட்கார்ந்தாள். ஒரு மொட்டால் திரியைத் தொட்டாள். விளக்கு குளிர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவதைத் தொட்டாள், மூன்றாவதை, பத்தாவதை. இருபதாவது விளக்கைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தவள், எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு தெருவுக்கே கேட்டது. வயிறு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

கிரேஸின் அப்பாதான் முதலில் அசைந்தார். முட்டிபோட்டுத் தன் வீட்டு மெழுகுவத்தியை இரண்டு விரலால் கிள்ளினார். பிறகு எதிர் வீடு, பிறகு அடுத்த வீடு. பறிக்கப் பூ போதாமல் துளசியால், வேப்பிலையால், பால் தொட்ட விரலால், அழுதுகொண்டே குளிர வைத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குளிர வைத்தார்கள், ஒரு வருஷமாக அந்தப் பிள்ளைக்கு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைக்க நினைக்க நெஞ்சு கனத்துப்போய்க் குளிர வைத்தார்கள்.

மாசானம் கருப்புக் கம்பளியையும் ஃபோகஸ் லைட்டையும் அதற்கு ஒரு பேட்டரியையும் முதுகில் கட்டிக்கொண்டு கம்பத்தின் இரும்புப் படியில் ஏறினான். ஏறுமுன் பொண்டாட்டி கிட்டே போனான்.

"நான் கிட்ட இருக்கமாட்டேன்ட்டி."

"மேலதான இருக்கப்போறீய" என்றாள் அவள். "கம்பளியை விட்டுராதீய அத்தான்."

சூரியன் கடைசி விளிம்பை இழுத்துக்கொண்டபோது, உச்சியில் கம்பளிக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு சாண் தூரத்தில் கண்ணுக்கு நேராக விளக்கைப் பிடித்தான். கண் அதை நம்பியது. நாலு கம்பமும் எரியவில்லை.

கீழே தெருவில் ராத்திரி வந்து இறங்கியது. அதுவரைக்கும் இருட்டு வேண்டும் இருட்டு வேண்டும் என்று பேசினவர்கள்தான், வந்த இருட்டைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்கள். இரண்டு வயசுப் பிள்ளைகள் தங்கள் கண் போய்விட்டதென்று அலறின, தையல்காரர் இருந்த இடத்திலேயே ரோட்டில் உட்கார்ந்து தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், கவுன்சிலர் பக்கத்தில் இருந்த கையைத் தாவிப் பிடித்தார், அது யார் கை என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. ஒருவரும் விளக்கு என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள், அவள் பேச்சு நின்றதைக் கேட்டு மற்றவர்களும் பார்த்தார்கள். தங்கள் தலைக்கு மேலே அத்தனை நட்சத்திரம் இத்தனை நாளும் அப்படியே இருந்திருக்கிறது என்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. வெட்கமும் பயமுமாக நின்றார்கள். தெரு முழுக்க மல்லிகை, ஒரு வருஷத்து மொட்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் விரிந்து, மூச்சுவிட முடியாத வாசம்.

மாசானத்துக்கு வாசம் மட்டும்தான் வந்தது. கம்பளிக்குள் அவனுக்கு உச்சிப் பகல். வேர்வை கண்ணில் வழிந்து எரிந்தது, முன்கை ரோமம் பொசுங்கியது, கம்பளி ஒரு இடத்தில் கருகி வாடை வந்ததும் இழுத்து நகர்த்தினான், அடுத்த இடம், அதற்கடுத்த இடம். காற்று கம்பளியைப் பிடுங்கப் பார்த்தது, பல்லால் கடித்துக்கொண்டான். விளக்கை விட்டுக் கண்ணைத் திருப்ப முடியாது, இம்மி விலகினால் தொண்ணூற்றாறு விளக்கும் பிள்ளையின் முகத்தில் அடிக்கும். அந்தத் தெருவிலேயே அன்றைக்கு ராத்திரி கிடைக்காத ஒரே ஆள் அவன்தான். தலைச்சன் பிள்ளை பிறக்கிற நேரத்தில் ஒரு பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று ஒரு நேரம் நினைத்தான், நினைத்துவிட்டுக் கையை இன்னும் இறுக்கினான்.

ஒன்பது மணி இருக்கும், கீழே பிரமசக்தி கத்துவது கேட்டது. நீளமாக ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு பிள்ளையின் அழுகை. அவன் உடம்பெல்லாம் குலுங்கியது. கை மட்டும் குலுங்கவில்லை. கால் மணி நேரத்தில் கிரேஸின் வீட்டிலிருந்து இன்னொரு அழுகை வந்தது.

யாரோ கம்பத்தடியில் வந்து தட்டினார்கள். லூர்து சிஸ்டர், குரலை அடக்கிக்கொண்டு மேலே பேசினார்.

"மாசானம். பொம்பளப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சொகம்."

"யாரு சாயல் சிஸ்டர்?"

"இருட்டுல எனக்கு என்ன தெரியும். கொடியைக்கூடத் தடவித்தான் அறுத்தேன். தலைமுடி தோள் வரைக்கும் இருக்கு, ரெண்டு பல்லு இருக்கு, என் விரலைக் கடிச்சிட்டா."

"சக்தி?"

"அவ தூங்குறா. தெருவே தூங்குது. நீரு இறங்கிராதேயும்."

இறங்கவில்லை. கண் நிஜமான சூரியனைப் பார்க்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான். பிற்பாடு நடந்ததெல்லாம் மாணிக்கநேரிக்குத் தெரியும்: ஹைமாஸ் தலையில் மூடி போட்டு வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி செய்தார்கள், வெள்ளையை மாற்றி மஞ்சள் வைத்தார்கள், பத்து மணிக்கு மேல் பாதியை அமர்த்தினார்கள், அமர்த்துகிற சுவிட்சுக்கென்று தனியாக டெண்டர் விட்டார்கள், அந்தச் சுவிட்சுக்கும் தங்கப்பழம்தான் மாலை போட்டுத் திறப்பு விழா நடத்தினார். அதெல்லாம் பிறகு.

அன்று காலை மாசானம் படிப்படியாகத் தடவி இறங்கி வந்தான். தெரு முழுக்க அவனைப் பார்க்கக் கூடியிருந்தது. யாரோ பிள்ளையைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார்கள். நல்ல கனம். அவன் குனிந்து பார்த்தான். பிள்ளையின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் எரிந்துகொண்டிருந்தது. தலையை அங்கே திருப்பினான், இங்கே திருப்பினான், வட்டமும் கூடவே வந்தது. கண்ணைக் கசக்கினான், போகவில்லை. வெயில் வேறு ஏற ஏற வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. தெருவில் யார் முகமும் அவனுக்குத் தெரியவில்லை, பொண்டாட்டி முகமும் தெரியவில்லை. இனிமேல் தெரியாதோ என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டான்.

"எனக்குப் பிள்ளை தெரியல" என்றான்.

பிரமசக்தி எழுந்து வந்தாள். அவன் முழங்கையைப் பிடித்து நடத்திப்போய், வீட்டுக்குள் மாடிப்படிக்கு அடியில் சன்னல் இல்லாமல் இருந்த சாமான் அறைக்குள் விட்டு, பிள்ளையோடு அவனை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். இடுக்குக்கெல்லாம் சேலையைச் சுருட்டி அடைத்தாள்.

அவன் சுருட்டிவைத்த வயர்களுக்கு நடுவே இருட்டில் உட்கார்ந்திருந்தான். வட்டம் எரிந்தது. ரொம்ப நேரம் எரிந்தது. அவன் விரலால் பிள்ளையின் காதைத் தொட்டான், மூக்கைத் தொட்டான், கால் விரலை எண்ணினான். பிள்ளை அழவில்லை, அசையவும் இல்லை. ஒரு உலை கொதித்து அரிசி வேகிற நேரத்துக்குப் பிறகு வட்டம் மங்கியது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, அந்த இடத்தில் ஒரு நெற்றி வந்தது, பிறகு இரண்டு புருவம், பிறகு இரண்டு கண், அகலத் திறந்திருந்தன.

மாசானத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் இவ்வளவு நேரமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.